ஃப்ரீசவுண்ட் ரிவ்யூ: காசில்லாத கேமுக்கு சத்தம் பொறுக்கின கதை

நாங்க ஆறு பேரு சேர்ந்து சனி ஞாயிறுல மட்டும் ஒரு கேம் பண்றோம். சம்பளம் கிடையாது, கம்பெனி கிடையாது, புரோகிராம் கோடு முழுக்க ஓப்பன் சோர்ஸ், அதாவது யாரு வேணா எடுத்துப் பாக்கலாம், மாத்தலாம். டெல்டா பக்கம் ஒரு கிராமம், மழைக்கால ராத்திரி, காணாம போன மாட்டைத் தேடி ஒரு பையன் டார்ச் லைட்டோட சுத்துறான், அவ்ளோதான் கதை. வேலை பிரிச்சப்ப "நீ சின்ன வயசுல கீபோர்டு கிளாஸ் போனல்ல"ன்னு சவுண்ட் மொத்தத்தையும் என் தலையில கட்டிட்டாங்க. கீபோர்டுக்கும் சேத்துல நடக்குற சத்தத்துக்கும் என்னய்யா சம்பந்தம்னு கேட்டேன், ஒருத்தனும் காதுல வாங்கல.

மியூசிக்கை எல்எம்எம்எஸ்னு ஒரு ஓசி மியூசிக் சாஃப்ட்வேர்ல உக்காந்து எப்படியோ ஒப்பேத்திட்டேன். சவுண்ட் எஃபெக்ட்தான் பெண்டை நிமித்திடுச்சு. லிஸ்ட் போட்டுப் பாத்தா 140 சத்தம் வேணும், கையில இருக்கிறது ஒரு போனும், சத்தத்தை வெட்டி ஒட்டுற ஆடாசிட்டி சாஃப்ட்வேரும். அப்பதான் ஃப்ரீசவுண்ட்ல போய் விழுந்தேன். ஒன்றரை வருஷம் தினமும் புழங்கிட்டுதான் இதை எழுதுறேன்.

தெரியாதவங்களுக்கு, இது 2005ல பார்சிலோனால பாம்பெயு ஃபாப்ரா யுனிவர்சிட்டியோட மியூசிக் டெக்னாலஜி குரூப் ஆரம்பிச்ச சைட். உலகம் பூரா இருக்கிறவங்க அவங்கவங்க ரெக்கார்ட் பண்ணின சத்தத்தை ஏத்துறாங்க, இப்ப 6 லட்சத்துக்கு மேல இருக்கு. கேக்குறதுக்கு எதுவும் வேணாம், டவுன்லோட் பண்ண மட்டும் ஒரு அக்கவுண்ட் போடணும், அதுவும் ஃப்ரீதான். முக்கியமா ஒரிஜினல் ஃபைலே கிடைக்குது, ஏத்தினவர் தரம் குறைக்காத வேவ் ஃபைலா ஏத்தியிருந்தா நமக்கும் வேவ்தான்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது, ஒரு சத்தத்தைக் காட்டினா அதே மாதிரி இருக்கிற மத்த சத்தத்தைத் தேடித் தர்ற வசதி. சேத்துல கால் புதையற சத்தம் ஒண்ணு அருமையா மாட்டுச்சு, ஆனா ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்ப போட்டா பையன் நடக்குற மாதிரி இல்ல, தையல் மெஷின் ஓடுற மாதிரி இருக்கு. குறைஞ்சது நாலஞ்சு விதமா வேணும். அந்த சத்தத்துல இருந்தே அதே மாதிரி சத்தங்களைத் தேடினா யாரோ எங்கயோ ஈரக் களிமண்ணுல நடந்தது, இன்னொருத்தர் தோட்டத்துல தண்ணி விட்டுட்டு நடந்ததுன்னு வரிசையா வந்து நிக்குது, டேக்ல தேடியிருந்தா ஜென்மத்துக்கும் கிடைச்சிருக்காது. அதுல ஆறு சத்தத்தை வெட்டி எடுத்து, ஒவ்வொண்ணா பிட்ச் லேசா மாத்தி மாத்தி வர்ற மாதிரி போட்டதும் பையனுக்கு உசுரே வந்துடுச்சு.

இப்ப நான் வாங்கின அடிக்கு வரேன். ஒவ்வொரு சத்தத்துக்கும் ஒரு லைசென்ஸ் இருக்கு. சிசின்னா க்ரியேட்டிவ் காமன்ஸ், அடுத்தவங்க எடுத்துப் புழங்கறதுக்குன்னு பொது லைசென்ஸ் எழுதித் தர்ற அமைப்பு. சிசி ஜீரோன்னா என்ன வேணா பண்ணிக்கலாம், சிசி பைன்னா பேரு போடணும், அதுலயே என்சி ஒட்டியிருந்தா வியாபாரத்துக்கு ஆகாது. போக 2011லயே க்ரியேட்டிவ் காமன்ஸ் மூட்டை கட்டி வச்ச சாம்ப்ளிங் பிளஸ் லைசென்ஸ்லயும் சில பழைய சத்தம் கிடக்கும். நம்ம கேமே ஓசிதானே, என்சி இருந்தா என்னன்னு நானும் மளமளன்னு எடுத்துப் போட்டேன். விண்டோஸ் மாதிரி ஆனா ஓப்பன் சோர்ஸா இருக்கிற லினக்ஸ்க்கு பேக்கேஜ் பண்ணித் தரேன்னு ஒரு தம்பி வந்தாரு, லைசென்ஸ் லிஸ்ட் கேட்டாரு, பாத்தா 37 சத்தம் என்சி. விஷயம் என்னன்னா நாம விக்காட்டியும் அதை எடுத்து விக்கிற உரிமை அடுத்தவனுக்கு இருந்தாதான் அது சுதந்திர மென்பொருள், அதனால டெபியன் மாதிரி லினக்ஸ் தொகுப்பு பண்ற ஆளுங்க என்சி இருந்தா மெயின் தொகுப்புல சேக்கவே மாட்டாங்க. 2005ல குவேக் 3ங்கிற துப்பாக்கி கேமோட கோடை ஜிபிஎல்ங்கிற சுதந்திர மென்பொருள் லைசென்ஸ்ல விட்டப்பகூட கோடு மட்டும்தான் வந்துச்சு, படமும் சத்தமும் வரல, அந்தக் கோடை வச்சு ஓப்பன் அரீனான்னு கேம் பண்ணினவங்க அதையெல்லாம் முதல்ல இருந்து செய்ய வேண்டியதாப் போச்சு. தப்பு முழுக்க என்னுதுதான், லைசென்ஸ் பக்கத்துலயே கொட்டை எழுத்துல இருக்கு, நான்தான் படிக்கல. ரெண்டு வாரக் கடைசி அந்த 37ஐ மாத்துறதுலயே போச்சு. தேடும்போதே லைசென்ஸ் வச்சு வடிகட்டுற ஆப்ஷன் இருக்கு, முதல்ல அதை அமுக்கிட்டு அப்புறமா காதைக் குடுங்க. ஆசைப்பட்ட பிறகு லைசென்ஸைப் பாத்தா மனசு கேக்காது.

இன்னொண்ணு, டவுன்லோட் ஆகுற ஃபைல் பேர்லயே சத்தத்தோட நம்பர், ஏத்தினவர் பேரு, தலைப்பு மூணும் இருக்கும். அழகா இருக்கட்டுமேன்னு "நடை1", "நடை2"ன்னு மாத்தித் தொலைச்சிடாதீங்க. நாங்க இப்ப ஒரு குட்டி ஸ்கிரிப்ட் வச்சு அந்த பேர்ல இருந்தே கிரெடிட்ஸ் பக்கத்தை எடுத்துடறோம்.

சரி, குறை? குறைன்னு சொல்றதா ஊரு வித்தியாசம்னு சொல்றதான்னு தெரியல. யாரு ரெக்கார்ட் பண்ணி ஏத்துறாங்களோ அவங்க ஊருதான் அதுல கேக்கும். மாட்டு மணின்னு இங்கிலீஷ்ல தேடினா ஒண்ணு டிரம்ஸ்ல தட்டுற கௌபெல் வரும், இல்லாட்டி ஆல்ப்ஸ் மலையில மேயுற மாட்டோட அண்டா சைஸ் மணி டொய்ங் டொய்ங்னு வரும். நம்ம மாட்டுக் கழுத்துல கிடக்குறது சின்ன மணி, அது வேற சத்தம். தவளை இன்னும் மோசம். ஹாலிவுட் புண்ணியத்துல உலகத்துக்கே தவளைன்னா "ரிப்பிட் ரிப்பிட்"தான், ஆனா அப்படிக் கத்துறது அமெரிக்காவோட மேற்குக் கரையில இருக்கிற ஒரு சின்ன மரத்தவளை. அது தெரியாம அருமையா லூப் பண்ணி நடவு வயல் சீன்ல போட்டுட்டேன். கூட்டாளியோட தாத்தா பின்னாடி நின்னு அரை நிமிஷம் கேட்டுட்டு "ஏம்ப்பா, இது எந்த ஊரு தவளை, ஜலதோஷமா அதுக்கு?"ன்னாரு. முடிஞ்சது.

அன்னைக்குதான் ஒரு விஷயம் உறைச்சது, இது மளிகைக் கடைதான், சமையலை நாமதான் பண்ணணும். கீத்துக் கொட்டகை மேல விழற மழை எனக்கு அங்க கிடைக்கல. இலை மேல பெய்யற மழை ஒண்ணை எடுத்து மேல் சுதியெல்லாம் ஈக்வலைசர்ல வெட்டி, அது மேல அம்மா அப்பளம் பொரிக்கிற சத்தத்தை லேசா கலந்தேன். எண்ணெய்ல பொரியற சத்தம் மழை மாதிரியே இருக்கும்ங்கிறது சினிமாக்காரங்க பழைய வித்தை. டீம்ல யாரும் கண்டுபிடிக்கல, தாத்தா உட்பட.

புதுசா இறங்குறவங்களுக்கு ரெண்டு விஷயம். லூப் ஆக வேண்டிய சத்தத்தை எம்பி3ல வைக்காதீங்க, அந்த ஃபார்மட்ல முன்னாலயும் பின்னாலயும் துளி மௌனம் ஒட்டிக்கும், சுத்தி வர்றப்ப டக்குனு வெட்டும். ஓஜிஜிங்கிற ஃபார்மட்ல போடுங்க. அப்புறம் இடப்பக்கம் வலப்பக்கம்னு திசை காட்ட வேண்டிய சத்தம் மோனோவா, அதாவது ரெண்டு பக்கம்னு பிரியாம ஒரே சேனலா இருக்கணும், அப்பதான் கேம் அதை ஒரு இடத்துல வச்சுக் காட்டும். இது தெரியாம தவளைக் குளத்தை பையன் மண்டைக்குள்ளயே வச்சிருந்தேன் ரொம்ப நாளா.

கடைசியா நம்ம ஊரு தவளையை நானே எடுத்தேன். நல்ல மழை விட்ட ராத்திரி, வாய்க்கால் மதகு மேல போனை வச்சுட்டு இருபது நிமிஷம் கொசுக்கடி வாங்கினேன். நடுவுல ஒரு புல்லட் போச்சு, அதை வெட்டினது போக ஆறு நிமிஷம் தேறுச்சு. சும்மா வாங்கிட்டே இருக்கோமேன்னு அதை சிசி ஜீரோல ஃப்ரீசவுண்ட்லயே ஏத்தினேன். ஏத்தினதும் வராது, ஒரு ஆள் கேட்டுப் பாத்து ஓகே பண்ணணும். வந்ததும் யாரோ ஒரு புண்ணியவான் "நைஸ் ஃப்ராக்ஸ்"னு கமெண்ட் போட்டிருந்தாரு, அன்னைக்கு முழுக்க ஆபீஸ்ல வேலை ஓடல.

ஸ்டார் குடுக்கணும்னா அஞ்சுக்கு நாலரை. பிஜிஎம், படம் எல்லாம் சேர்த்து வேணும்னா ஓப்பன் கேம் ஆர்ட்னு ஒண்ணு இருக்கு, அங்க என்சி பேச்சே கிடையாது, ஆனா நிஜ உலகத்து சத்தத்துக்கு இதுதான்.

கேமோட ஹீரோ அந்த மாடு, அதோட குரல் மட்டும் இன்னும் மாட்டல. மூணு தடவை தொழுவத்துக்கு போனோட போயிட்டேன், என்னைப் பாத்தா அசை மட்டும்தான் போடுது. இப்போதைக்கு கேம்ல "ம்மா"ன்னு கத்துறது நான்தான், பிட்ச் இறக்கி வச்சிருக்கேன்.