பேச்சு வராத குழந்தைக்கான படப்பலகைச் செயலி: ஒரு மதிப்புரை

ஆட்டிசம் உள்ள எங்கள் மகன் மிகச் சில சொற்களையே பேசுவான் என்பதால், பேச்சுப் பயிற்சியாளரின் ஆலோசனைப்படி, படத்தைத் தொட்டால் அதற்குரிய சொல்லை ஒலிக்கும் டேப்லெட் செயலி ஒன்றை வாங்கிப் பயன்படுத்தி வருகிறோம். பெயரைக் குறிப்பிடப் போவதில்லை; இதன் நிறைகுறைகள் இவ்வகைச் செயலி எதை வாங்குவோரும் கவனிக்க வேண்டியவை.

கருவி பேசிவிட்டால் பிள்ளை வாயைத் திறக்க மாட்டான் என்பதுதான் பெரும்பாலான வீடுகளில் எழும் அச்சம். மில்லர், லைட், ஷ்லாசர் ஆகிய ஆய்வாளர்கள், வளர்ச்சிக் குறைபாடு உள்ளோருக்குப் பேச்சுக்குத் துணையாகச் சைகை, படம், கருவி போன்றவற்றைப் பழக்கிய முந்தைய ஆய்வுகளை 2006-இல் தொகுத்துப் பார்த்தபோது, நம்பத்தக்க சான்று கிடைத்த 27 பேரில் ஒருவருக்கும் பேச்சு குறையவில்லை. பெரும்பாலோருக்குக் கூடியிருந்தது, பெரிய அளவில் அல்ல என்றாலும். ஆய்வாளர் கானி கசாரியின் குழுவினர், ஆட்டிசம் உள்ள, மிகக் குறைவாகப் பேசும் 5 முதல் 8 வயது வரையிலான 61 குழந்தைகளிடம் நடத்தி 2014-இல் வெளியிட்ட ஆய்வில், விளையாட்டுவழிப் பயிற்சியோடு தொடக்கத்திலிருந்தே பேசும் கருவியையும் பெற்றவர்கள் தாமாகச் சொல்ல முன்வருவதில் கூடுதலாக முன்னேறினர். வாயால் சொன்னதோடு கருவியால் சொன்னதும் அதில் கணக்கில் சேர்ந்தது. விளம்பரங்கள் இந்தக் கணக்கைச் சொல்வதில்லை.

செயலியின் சிறந்த அம்சம், ஒவ்வொரு பொத்தானுக்கும் நம் குரலையே பதிவு செய்யலாம் என்பது. இயந்திரக் குரலின் தட்டையான ஒலியைவிட, அம்மாவின் குரலில் வரும் ‘இன்னும்’, ‘திற’, ‘வேண்டாம்’ ஆகியவற்றையே அவன் திருப்பிச் சொல்ல முயல்கிறான். பொருட்பெயர்களுக்கு முன்பாக இத்தகைய பொதுச்சொற்களை முகப்பில் வைத்திருப்பதும் பாராட்டத்தக்கது, ஏனெனில் இவை எந்த விளையாட்டிலும் பயன்படும்.

பெருங்குறை, பொத்தான்களை அடுக்கும் கட்ட அமைப்பில் இருக்கிறது. சொற்களைக் கூட்டுவதற்காக அதிகப் பொத்தான்கள் கொள்ளும் பெரிய கட்டத்துக்கு மாறினால் பழைய பொத்தான்கள் எல்லாம் இடம் மாறிவிடுகின்றன. படத்தைப் பார்த்துத் தேடுவதைவிடக் கை பழகிய இடத்தை நம்பும் குழந்தைக்கு, இது கற்றதை மீண்டும் முதலிலிருந்து கற்பதாகும். ‘இது என்ன?’ என்று கேட்டுச் சரியான விடைக்கு நட்சத்திரம் தரும் பகுதியும் தேவையற்றது; அது பிள்ளையைத் தேர்வெழுத வைக்கிறதே தவிர, தனக்கு வேண்டியதைச் சொல்ல வைப்பதில்லை.

உடன் வரும் காணொளிகள் பொத்தான் சேர்ப்பதை மட்டுமே விளக்குகின்றன. நாம் பேசும்போதே பொத்தானையும் தொட்டுக் காட்ட வேண்டும், பிறகு வற்புறுத்தாமல் சில நொடிகள் காத்திருக்க வேண்டும், அவன் எழுப்பும் அரைகுறை ஒலிக்கும் உடனே பதில் தர வேண்டும் என்பதையெல்லாம் பயிற்சியாளரே கற்றுத் தந்தார். அவர் இல்லாமல் இச்செயலியை வாங்கச் சொல்ல எனக்கு மனமில்லை. வாங்குவோர் தொடக்கத்திலேயே பெரிய கட்டத்தைத் தேர்ந்தெடுத்து, இப்போது தேவைப்படாத இடங்களை வெறுமையாக விட்டுவிட்டால், பின்னர் சொற்களைச் சேர்க்கும்போது பழையவை நகராது.