சாரல் காற்றில் சீமை அத்தி: குளிர்நாட்டுக் கவாத்தை நெல்லைச் சீமையில் கடைப்பிடித்த அனுபவம்

கடையத்துக்கு மேற்கே, மலையடிவாரத்தை ஒட்டியிருக்கும் எங்கள் தோட்டத்தில் சீமை அத்தி வைத்துப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டன. ஒரு வரிசை பூனா ரகம். மற்றொரு வரிசை பிரவுன் டர்க்கி. ஏறக்குறைய இதே காலத்தில் இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் குடியிருக்கும் என் அக்காவும் அத்தானும் தங்கள் வீட்டின் தெற்குச் சுவரோரத்தில் ஒரு பிரவுன் டர்க்கியை வளர்த்து வருகிறார்கள். இரண்டு தோட்டத்துச் செய்திகளையும் பருவந்தோறும் தொலைபேசியில் பேசிப் பேசி ஒப்பிட்டு வந்ததால், அத்திக் கவாத்தைப் பற்றி, அதாவது கிளைகளை வெட்டிச் சீராக்குவதைப் பற்றி, நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்று உண்டு: குளிர்நாட்டாரிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது அவர்கள் வெட்டும் மாதத்தையும் அன்று, வெட்டும் அளவையும் அன்று, பழம் எந்த நாளில் பழுக்க வேண்டும் என்று முதலில் முடிவு செய்து, அங்கிருந்து பின்னோக்கிக் கணக்கிடும் அவர்களுடைய முறையைத்தான்.

இதை விளக்க, அத்தி காய்க்கும் விதத்தை முதலில் சொல்ல வேண்டும். சீமை அத்தி ஆண்டுக்கு இரண்டு வகையாகக் காய்க்கும். முந்தைய ஆண்டில் வளர்ந்து முற்றிய கிளையின் நுனிப்பகுதியில் மிளகளவில் தங்கியிருக்கும் பிஞ்சு, அடுத்த பருவத்தில் பருத்துப் பழுப்பது ஒன்று. அதே பருவத்தில் புதிதாகத் துளிர்த்த கிளையில், இலைக்காம்பு ஒட்டும் இடத்தில் தோன்றும் காய் மற்றொன்று. அக்காவின் ஊரில் கோடை குறுகியது. புதுக்கிளையில் வைக்கும் காய் பருப்பதற்குள் இலையுதிர் காலத்துக் குளிர் வந்துவிடும், அது பழுக்காது. ஆகவே அங்கே உண்ணக் கிடைப்பதெல்லாம், பழைய கிளையின் நுனியில் பனிக்காலத்தைத் தாண்டிப் பிழைத்து, ஆகஸ்ட், செப்டம்பரில் பழுக்கும் முதல் வகைப் பழம் மட்டுமே. மரத்தின் கிளைகள் உறைநிலைக்குக் கீழே ஐந்து முதல் பத்து டிகிரி வரையிலான குளிரைத் தாங்கிக்கொண்டாலும், நுனியிலிருக்கும் அந்தப் பிஞ்சுகள் கருகிவிட்டால் அவ்வாண்டு விளைச்சல் இல்லை. அதனால்தான் பனிக்காலத்தில் கிளைகளுக்கிடையே வைக்கோலைச் செருகி, மெல்லிய தோட்டத் துணியால் போர்த்தி வைக்கிறார்கள்.

அவர்களுடைய கவாத்து முறை முழுவதும் இந்த ஒரு கட்டாயத்திலிருந்தே பிறக்கிறது. மரம் உறக்கத்தில் இருக்கும் பனிக்காலத்தின் இறுதியில், சாறு ஏறுவதற்கு முன், மிக முதிர்ந்த கிளைகளில் நான்கில் ஒன்று அல்லது மூன்றில் ஒன்றை மட்டும் அடியோடு எடுக்கிறார்கள். மற்றக் கிளைகளின் நுனியைத் தொடுவதில்லை. ஜூன் மாதத்தில் புதுத்தளிர்களை ஐந்தாறு இலைக்கு மேல் கிள்ளிவிடுகிறார்கள். இலையுதிர் காலத்தின் முடிவில், பட்டாணியைவிடப் பெரிதாகி இன்னும் பழுக்காத காய்கள் அனைத்தையும் உதிர்த்துவிட்டு, நுனிப் பிஞ்சுகளை மட்டும் விட்டுவைக்கிறார்கள். நன்றாகக் காய்த்திருக்கும் காயைக் கையால் பறித்து எறிவது நம் ஊர்க் கண்ணுக்குப் பாவமாகத் தோன்றும். ஆனால், பழுக்க வழியில்லாத காய்க்கு மரம் தன் சத்தைச் செலவிடாமல் தடுப்பதே அதன் நோக்கம்.

நெல்லைச் சீமையில் அத்திக்குப் பனி என்ற பகை கிடையாது. மரம் உறங்கி மீண்டும் துளிர்க்கத் தேவையான குளிர்நேரம் அத்திக்கு மிகக் குறைவு என்பதால், உறக்கமே இல்லாத நம் தட்பவெப்பத்திலும் அது துளிர்த்துக் காய்க்கிறது. ஆனால் மலையடிவாரத்தில் வேறு ஒரு குளிர் இருக்கிறது. ஆனி பிறந்ததும் செங்கோட்டைக் கணவாய் வழியாக வீசும் மேல்காற்றும், குற்றாலத்தில் அருவி விழ வைக்கும் சாரலும், தென்காசியிலிருந்து பாபநாசம் வரையிலான இந்தப் பட்டையை வெயிலற்ற ஈரத்தில் ஆழ்த்திவிடும். அந்த நாட்களில் பழுக்கும் அத்தியில் இனிப்பு ஏறாது. பழத்தின் அடியிலுள்ள கண் வழியாக ஈரம் இறங்கி, பழ ஈக்களும் நுழைந்து, மரத்திலேயே புளித்துவிடும், மீந்தவை வெடிக்கும். மராட்டியத்தில் மழைக்காலத்து விளைச்சலைக் ‘கட்டா பஹார்’ (புளிப்பு விளைச்சல்) என்றும், பிப்ரவரி முதல் மே வரை கிடைப்பதை ‘மிட்டா பஹார்’ (இனிப்பு விளைச்சல்) என்றும் பிரித்து, பின்னதற்கே மதிப்பளிப்பதும் இந்தக் காரணத்தால்தான். 2016இல் புவிசார் குறியீடு பெற்ற, புணே மாவட்டத்துப் புரந்தர் அத்தி விளையும் வட்டாரத்தில் செப்டம்பர், அக்டோபரில் கவாத்து செய்கிறார்கள்.

அந்த மாதத்தை அப்படியே எடுத்துக்கொள்ளவும் நமக்கு வழியில்லை. புரட்டாசியில் வெட்டினால் இளந்தளிர் விரியும் நேரத்தில் ஐப்பசி அடைமழை வந்து சேரும். துரு நோய்க்கு அதைவிட வாய்ப்பான காலம் கிடையாது. இலையின் அடிப்பக்கம் முழுவதும் பழுப்புத் தூள் படிந்து, கார்த்திகைக்குள் மரம் மொட்டையாகிவிடும். ஆகவே எங்கள் தோட்டத்தில் நிலைத்துவிட்ட கணக்கு இதுதான்: வைகாசி முடிவதற்குள் கடைசிப் பழம் இறங்கிவிட வேண்டும். வெட்டிய நாளிலிருந்து முதல் பழத்துக்கு ஏறத்தாழ நான்கு மாதம் ஆகும். அதற்குப் பிறகு ஒன்றரை மாதம் பறிப்புக் காலம். பின்னோக்கி எண்ணினால் மார்கழியின் முதல் பாதி வரும். அப்போது வடகிழக்குப் பருவமழையும் தணியத் தொடங்கியிருக்கும். தை, மாசி வெயிலில் தளிர் நோயின்றி விரியும்.

வறண்ட நிலங்களில் நீரை நிறுத்தி மரத்தை வாட விட்டு, இலை உதிர்ந்த பிறகு வெட்டுவது வழக்கம். கார்த்திகை ஈரத்தில் அது நடக்காது. எனவே கவாத்துக்கு இரண்டு வாரம் முன்பாக இலைகளைக் கையால் உருவி, துரு படிந்தவற்றைத் தோட்டத்துக்கு வெளியே கொண்டுபோய் எரித்துவிடுகிறோம். மரம் சற்று ஓய்ந்து, கணுக்களிலுள்ள கண்கள் புடைக்கத் தொடங்கியதும் வெட்டுகிறோம்.

வெட்டும் அளவில்தான் நம் முறை அக்காவின் முறையிலிருந்து முற்றிலும் விலகுகிறது. அங்கே கிளை நுனியில்தான் பழம் இருக்கிறது; இங்கே நமக்கு வேண்டியது புதுக்கிளையின் காய். எத்தனை புதுக்கிளை வருகிறதோ அத்தனைக்கும் இலைக்கு ஒரு காய் வீதம் எதிர்பார்க்கலாம். ஆகவே முந்தைய பருவத்துக் கிளையை இரண்டு அல்லது மூன்று கணு மட்டும் விட்டு, துணிந்து குறைக்க வேண்டும். பூனா ரகத்துக்கு இந்த வன்மையான கவாத்து மிகவும் ஒத்துப்போகிறது. தரையிலிருந்து முழங்கால் உயரத்துக்கு ஒரே தண்டு, அதன்மேல் நான்கு பக்கமும் பிரியும் நான்கு கிளை, நடுவில் வெயில் இறங்கத் திறந்த இடம் என்ற அமைப்பை முதல் மூன்று ஆண்டுகளில் உருவாக்கிவிட்டால் பிறகு ஒவ்வோர் ஆண்டும் வேலை எளிது. தூரிலிருந்து கிளம்பும் சிம்புகளை இளசாக இருக்கும்போதே கையால் பிய்த்துவிட வேண்டும். கத்தரியால் நறுக்கினால் அதே இடத்தில் இரண்டாக வரும்.

வெட்டு விழும் இடத்தில் கவனம் தேவை. அத்திக் கிளையின் நடுவில் மென்மையான சோறு இருக்கிறது. கணுவுக்கு மேலே நீளமாகக் குச்சியை விட்டு வெட்டினால் அந்தத் துண்டு காய்ந்து, சோற்றின் வழியே அழுகல் கீழிறங்கும். வெளிப்பக்கம் பார்த்த கண்ணுக்கு ஒட்டி மேலே, நீர் வழியும்படி சாய்வாக வெட்டுவதே நல்லது. விரல் பருமனுள்ள கிளைகளுக்கு, இரண்டு வளைந்த அலகுகளும் ஒன்றையொன்று உரசிச் செல்லும் கவாத்துக் கத்தரி போதும். ஓர் அலகு தட்டையான பட்டையின்மேல் அழுந்தும் வகைக் கத்தரி அத்தியின் மெல்லிய தண்டை நசுக்கிவிடுகிறது. அதைவிடத் தடித்தவற்றுக்கு மடக்கு ரம்பம். பெரிய வெட்டுகளுக்கு அன்றைக்கே, மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த போர்டோ பசையைத் தடவிவிடுகிறோம்.

அத்திப் பாலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அந்தப் பால் தோலில் பட்டு, அதன்மேல் வெயிலும் பட்டால், கொப்புளம் கிளம்பி, கருந்தழும்பு மாதக்கணக்கில் நிற்கும். இதை எண்ணெய்க் கொப்புளம் போலப் பலர் தவறாக நினைத்துவிடுகிறார்கள். பாலிலுள்ள சில பொருள்கள் சூரிய ஒளியோடு சேர்ந்து தோலைச் சுடுவதே காரணம். முழுக்கைச் சட்டையும் கையுறையும் இல்லாமல் யாரையும் கவாத்துக்கு இறக்காதீர்கள். குழந்தைகளை அந்தப் பக்கமே விடக்கூடாது. கத்தரியில் பிசின்போல் ஒட்டும் பாலைத் தேங்காய் எண்ணெயால் துடைத்து, மரம் மாறும்போது ஸ்பிரிட்டால் அலகைத் துடைத்துவிட்டால் நோயும் பரவாது.

கிள்ளும் வேலையை அக்காவிடமிருந்துதான் எடுத்துக்கொண்டோம். காரணம் மட்டும் வேறு. மாசி இறுதியில், கிளையில் எட்டு முதல் பத்து இலை விரிந்ததும் கொழுந்தைக் கிள்ளிவிடுகிறோம். அதற்குமேல் வளரும் கிளையில் வைக்கும் காய் சாரலில்தான் பழுக்கும் என்பதால் அது வேண்டாம். வைகாசி நடுவில் இன்னும் பச்சையாக, கல்போல் இருக்கும் காய்களையும் உதிர்த்துவிடுகிறோம். யார்க்‌ஷயரில் பனிக்கு முன் செய்வதை இங்கே சாரலுக்கு முன் செய்கிறோம். பிரவுன் டர்க்கி வரிசையில் இதன் பலன் தெளிவாகத் தெரிந்தது, ஏனென்றால் எங்களிடமுள்ள அந்த மரங்களின் பழத்துக்குக் கண் அகலம். ஈரத்தில் முதலில் கெடுபவை அவைதான். பிரவுன் டர்க்கி என்ற பெயரில் விற்கப்படுபவை எல்லாம் ஒரே மரம் அல்ல என்பதையும் இங்கே சொல்லிவிடுகிறேன். கலிபோர்னியாவில் அப்பெயரில் வழங்குவதும் இங்கிலாந்தில் வழங்குவதும் வேறு வேறு. கன்று வாங்கும்போது பெயரைவிட, தாய்மரத்தின் பழத்தை ஒருமுறை பார்க்க முடிந்தால் அதுவே மேல்.

அண்மை ஆண்டுகளில் ஒரு வரிசையை மட்டும் ஜப்பானியர் முறையில் படுக்கை அமைப்புக்கு மாற்றியிருக்கிறோம். ‘மசுயி டோஃபின்’ ரகத்துக்கு அவர்கள் செய்வதுபோல, இரண்டு முதன்மைக் கிளைகளை முழங்கால் உயரத்தில் இடமும் வலமுமாகக் கம்பியில் படுக்கக் கட்டி, அவற்றிலிருந்து நேராக எழும் கிளைகளில் காய்க்க விட்டு, ஆண்டுதோறும் அவற்றை ஒன்றிரண்டு கணுவுக்குக் குறைப்பது இதன் சாரம். புதுக்கிளையில் காய்ப்பதை நம்பும் நமக்கு இதைவிடப் பொருத்தமான அமைப்பு இல்லை என்பது என் கருத்து. ஆனி, ஆடிக் காற்றில் உயர்ந்த மரங்களின் கிளை முறிகிறது. படுக்கை வரிசைக்கு அந்தச் சேதம் மிகக் குறைவு. வலை போர்த்துவதும் எளிது. அணிலும் குயிலும் கொண்டைக்குருவியும் இரவில் வௌவாலும் பங்கு கேட்கும் ஊரில் இது சிறிய வசதி அல்ல. பறிக்க ஏணி வேண்டாம். கம்பிக்கும் கல்தூணுக்கும் தொடக்கச் செலவு உண்டு என்பதே குறை.

வேரைக் கட்டுப்படுத்துவது பற்றிக் குளிர்நாட்டார் மிகவும் வலியுறுத்துவார்கள்: அறுபது சென்டிமீட்டர் நீள அகல ஆழமுள்ள குழியின் நான்கு பக்கமும் கற்பலகை நிறுத்தி, அடியில் உடைகல் போட்டு அதில் நடுவார்கள். எங்கள் செம்மண் சரளைக்கு அது தேவைப்படவில்லை. நிலமே அந்த வேலையைச் செய்துவிடுகிறது. சிமெண்டு உறைக்குள் நட்ட மரம் சித்திரை வெயிலில் நாள்தோறும் நீர் கேட்டு, ஒருநாள் தவறினாலும் காயை உதிர்த்தது. தாமிரபரணிக் கரையின் வண்டல் நிலத்தில் வைப்பவர்களுக்கு மட்டும் வேரைக் கட்டுப்படுத்தச் சொல்வேன், ஏனென்றால் அந்தச் செழிப்பான மண்ணில் மரம் இலையும் கிளையுமாகக் கொழுத்துக் காய்க்க மறந்துவிடும். அங்கே தழைச்சத்து உரத்தையும் குறைக்க வேண்டும்.

நோய்களில் துருவுக்கு ஒரு சத போர்டோ கலவை, அதாவது நூறு லிட்டர் நீருக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் தலா ஒரு கிலோ. மணற்பாங்கான நிலத்தில் வேர்முடிச்சு நூற்புழு பெருந்தொல்லை. நடும்போதும் பிறகு ஆண்டுதோறும் வேப்பம் பிண்ணாக்கு இடுவது கைகொடுக்கிறது. தூரருகே மரத்தூள் கொட்டிக் கிடந்தால் தண்டு துளைப்பான் உள்ளே இருக்கிறது என்று பொருள். கம்பியை விட்டு அன்றே எடுத்துவிட வேண்டும்.

தோட்டத்துக்கு வருபவர்களில் பலர், “பிட்டுப் பார்த்தா அத்தனையும் புழுவால்லா இருக்கும் அண்ணாச்சி?” என்று தயங்குகிறார்கள். ஆற்றோரத்து நாட்டு அத்திக்கு அந்தச் சொல் பொருந்தும். அதன் பூக்கள் குளவியால்தான் கருவுறும். பூனாவும் பிரவுன் டர்க்கியும் குளவி இல்லாமலே காய்த்துப் பழுக்கும் வகை. பழுத்ததற்கு அடையாளம், கழுத்து தளர்ந்து பழம் தலைகவிழ்ந்து தொங்குவதும், தோலில் மெல்லிய கீறல் விழுவதும், பறித்தால் காம்பில் பால் வராததும். பறித்தபின் அத்தி மேலும் இனிக்காது. அதனால் தூரச் சந்தையை நம்பி முன்கூட்டிப் பறிப்பது வீண்.

தென்காசி, அம்பாசமுத்திரம் வட்டாரத்தில் வைப்பவர்களுக்கு நான் பூனாவையே பரிந்துரைப்பேன், மார்கழிக் கவாத்தோடு. பாளையங்கோட்டைக்குக் கிழக்கிலும் ராதாபுரம் பக்கத்திலும் சாரல் எட்டாது. ஆனால் நாற்பது டிகிரியை நெருங்கும் கோடையில் பழம் முதிராமலே வெம்பித் தோல் தடிக்கும். அங்கே பறிப்பு பங்குனிக்குள் முடியுமாறு கவாத்தை ஒரு மாதத்துக்கு மேல் முன்தள்ளி, கார்த்திகைத் துருவுக்கு மருந்தடிப்பைக் கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.