நகரும் இருக்கையா, நிலையான இருக்கையா: எந்தத் துடுப்புப் படகுக் கழகத்தில் சேரலாம்?

துடுப்புப் படகுக் கழகத்தில் சேர விரும்புபவர் முதலில் கேட்க வேண்டியது, அங்கே எவ்வகைப் படகுகள் இருக்கின்றன என்பதையே. எல்லா வயதினரும் வரலாம், முன்னனுபவம் தேவையில்லை என்று பல கழகங்கள் அறிவிக்கின்றன. ஆனால் அந்த வரவேற்பு முதல் வாரங்களுக்குப் பின்னும் நீடிக்குமா என்பதைப் படகின் அமைப்பே பெருமளவு தீர்மானிக்கிறது.

நகரும் இருக்கை கொண்ட மெல்லிய பந்தயப் படகை எடுத்துக்கொள்வோம். ஒருவர் மட்டும் வலிக்கும் படகு ஏறத்தாழ 8 மீட்டர் நீளமும் சுமார் 30 சென்டிமீட்டர் அகலமுமே கொண்டது. பந்தய விதிகளின்படி அதன் குறைந்தபட்ச எடை 14 கிலோ. இருக்கை உருள்வதால் கால்களின் உதைப்பே துடுப்புக்குப் பெரும்பங்கு விசையைத் தருகிறது. முதுகும் கைகளும் அதைத் தொடர்ந்து வந்து இழுப்பை நிறைவு செய்கின்றன. மூட்டுகளுக்கு அதிர்ச்சி தராமல் உடல் முழுவதையும் உழைக்கவைக்கும் அருமையான பயிற்சி இது. எனினும் இப்படகு தானாக நிலைத்து நிற்காது. துடுப்புகளே அதைச் சமன்செய்கின்றன. எண்மர் படகில் ஒருவரது கை சற்று உயர்ந்தாலும் மற்ற ஏழு பேரும் சாய்வை உணர்வார்கள். ஆகவே புதியவர்கள் வலிக்கப் பழகும் நேரத்தில், அனுபவமுள்ளவர்கள் தம் துடுப்புகளை நீர்மேல் தட்டையாகக் கிடத்தி, படகைத் தாங்கியபடி அசையாமல் அமர்ந்திருக்க வேண்டும். தம் பயிற்சி நேரத்தை இப்படி விட்டுக்கொடுக்கும் மூத்த உறுப்பினர்கள் இருந்தால் புதியவர் விரைவில் தேறுவார். இல்லையெனில், அறிமுக வகுப்பு முடிந்தபின் தமக்கு இடமுள்ள படகைத் தேடிக் கரையிலேயே நிற்க நேரிடும். நீர்மட்டத்தை ஒட்டிய இருக்கையில் தாழ்ந்து அமர்வதும், அதிலிருந்து எழுவதும் முழங்கால் வலி உள்ளவர்களுக்கு எளிதல்ல என்பதையும் சேர்த்து எண்ண வேண்டும்.

நிலையான இருக்கை கொண்ட அகலமான படகு இத்தகைய தடைகளில் பலவற்றை நீக்கிவிடுகிறது. ஸ்காட்லாந்து மீன்பிடி அருங்காட்சியகத்தின் முயற்சியில், இயன் ஆட்ரெட் வடிவமைத்த செயின்ட் அயில்ஸ் படகு இதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு. 22 அடி நீளமுள்ள இதில் நான்கு பேர் ஆளுக்கொரு துடுப்பு வலிக்க, ஐந்தாமவர் சுக்கான் பிடிப்பார். ஒருவர் தாளம் தவறினால் துடுப்புகள் மோதிக்கொள்ளுமே தவிர, படகு எளிதில் கவிழ்ந்துவிடாது. வெட்டித் தரப்படும் ஒட்டுப்பலகைத் தொகுதியிலிருந்து ஊர்மக்களே இதைக் கட்டிக்கொள்வதால், துடுப்பே பிடிக்காதவரும் தச்சு வேலையிலோ வண்ணம் பூசுவதிலோ பங்கேற்றுக் கழகத்தில் உரிமையுள்ள உறுப்பினராகிறார். இந்த ஒரு காரணத்துக்காகவே இவ்வகைக் கழகத்தை முதலிடத்தில் வைப்பேன். குறையும் உண்டு: கால்களின் பங்கு குறைவதால் முதுகின்மீது சுமை கூடுகிறது, கனமான படகை நீரில் இறக்கி ஏற்றப் பல கைகள் வேண்டும்.

டிராகன் படகு முற்றிலும் வேறு வகை. வழக்கமாக இருபது பேர் முன்னோக்கி அமர்ந்து, விளிம்போடு பிணைக்கப்படாத துடுப்பால், முரசின் தாளத்துக்கு நீரைத் தள்ளுவார்கள். கடினமான மேலுடல் பயிற்சி கைவீக்கத்தை உண்டாக்கும் என்று மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்டவர்கள் எச்சரிக்கப்பட்டுவந்த காலத்தில், 1996இல் வான்கூவரில் மருத்துவர் டான் மெக்கென்சி அத்தகைய பெண்கள் 24 பேரைக் கொண்டு ஓர் அணி அமைத்தார்; அப்பயிற்சிக் காலத்தில் யாருக்கும் புதிதாக அவ்வீக்கம் ஏற்படவில்லை. இன்று பல நாடுகளில் அத்தகைய அணிகள் உள்ளன. கூட்டத்தில் ஒருவராகத் தொடங்க விரும்பும் கூச்ச இயல்பினருக்கு இது ஏற்றது. எனினும், போதிய ஆட்கள் வராத நாளில் படகு புறப்படுவது கடினம்.

உடற்பயிற்சிக் கூடத்து ரோயிங் மெஷின், உடலசைவின் வரிசையைக் கற்றுத்தரும். சமநிலையையும் சக வலிப்பவரோடு இசைவதையும் கற்றுத்தராது.

உடற்குறை உள்ளவர்களுக்குப் பந்தயப் படகு பொருந்தாது என்று கருதிவிட வேண்டாம். 2008 பெய்ஜிங் பாராலிம்பிக்கிலேயே துடுப்புப் படகுப் போட்டி சேர்க்கப்பட்டுவிட்டது. தோளும் கையும் மட்டுமே இயங்குபவர்களுக்கென, முதுகுத் தாங்கியுள்ள அசையாத இருக்கையும் பக்க மிதவைகளும் கொண்ட படகுகள் உள்ளன. கழகம் அத்தகைய படகை வைத்திருக்கிறதா, அதைப் பயன்படுத்தப் பழகிய பயிற்றுநர் இருக்கிறாரா என்று நேரில் கேட்டறிவதே முறை. வயதைப் பொறுத்தவரை கவலை வேண்டாம்: மூத்தோர் போட்டிகள் 27 வயதில் தொடங்கி, அணியின் சராசரி வயதைக் கொண்டு பிரிக்கப்படுகின்றன.

முன்னனுபவமில்லாத ஒருவர் முதல் பருவத்தை நிலையான இருக்கைப் படகில் கழித்துவிட்டு, முழங்கால் இடம்கொடுத்து ஆர்வமும் கூடினால் பந்தயப் படகுக்கு மாறுவதே என் பரிந்துரை. சேருமுன் நீச்சல் தகுதி பற்றிய விதியையும், கவிழ்ந்தால் மீளும் பயிற்சி உண்டா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். துடுப்பு வலிக்க இயலாதவரைச் சுக்கான் இருக்கையில் அமர்த்திப் பயிற்றுவிப்பார்களா என்பதையும் கேளுங்கள். வலிப்பவர்கள் பின்னோக்கி அமர்ந்திருக்கும் படகில், முன்னால் உள்ளதைப் பார்த்து வழிநடத்துபவர் அவரே.