ரெட்டா, எண்டோதீலினா?

மாட்டுங்காவில் என் அக்காவின் பிள்ளைக்கு, பிறந்து 48 மணி நேரம் ஆகியும் முதல் மலம் போகவில்லை. வயிறு பறைபோல் உப்பியிருந்தது. ஹிர்ஷ்ஸ்பிரங் நோய்: பெருங்குடலின் கடைசிப் பகுதியில் நரம்பணுக்களே இல்லை. ஏறத்தாழ 5,000 பிறப்புகளில் ஒன்றில் வருவது.

கருவில் பின்மூளைப் பக்கமிருந்து புறப்பட்டு, பின்னர் குடலின் நரம்பணுக்களாக மாறும் நரம்பு முகட்டு அணுக்களைக் குடல் சுரக்கும் ஜிடிஎன்எஃப் புரதம் தன்னிடம் இழுக்கிறது. அந்த அழைப்பைக் கேட்கும் காது, அணுக்களின் மேலுள்ள ரெட் ஏற்பி. எண்டோதீலின்-3 என்ற இன்னொரு புரதம் இழுப்பதில்லை. பாதி வழியிலேயே முதிர்ந்து நின்றுவிடாமல் அணுக்களைக் காக்கிறது. அதன் ஏற்பி பழுதானால், அதே நரம்பு முகட்டிலிருந்து வரும் நிறமணுக்களும் தடுமாறும்; நெற்றியில் வெள்ளை முடிக்கற்றை, காது கேளாமை சேரலாம்.

முதலில் எந்த மரபணுவைச் சோதிப்பது? ரெட்டைத்தான் என்பேன், குடும்பவழி நோயாளிகளில் சுமார் பாதிப் பேருக்குப் பிழை அங்கேதான். எங்கள் பிள்ளையின் முடி முழுவதும் கறுப்பு.