கார் ஜிபிஎஸ் வாங்கப் போறவங்க இதைப் படிச்சிட்டுப் போங்க: எங்க 6,800 ரூபாய் போச்சு

இன்னைக்குச் சாயங்காலம்தான் அந்தக் கடையில சண்டை போட்டுட்டு வந்தேன். வயிறு எரியுது. குறைஞ்ச விலையில காருக்கு ஜிபிஎஸ் கருவி எப்படிப் பாத்து வாங்கணும்னு விவரமா எழுதணும்னுதான் உக்காந்தேன். முதல்ல நடந்ததைச் சொல்லிடுறேன்.

"போன்லயே மேப் இருக்கே, தனியா எதுக்கு"ன்னு கேப்பீங்க. எங்க அப்பா வச்சிருக்கறது பட்டன் போன். டச் போன் அவருக்கு ஒத்து வரல. ஆனா கார் நல்லா ஓட்டுவார். அம்மாவைக் கூட்டிக்கிட்டு குலதெய்வம் கோயில், கொடைக்கானல்னு அவர்பாட்டுக்குக் கிளம்பிடுவார். மலைப்பாதையில பல இடத்துல டவரும் கிடையாது. அதனால கண்ணாடியில ஒட்டி வைக்கிற மாதிரி, சிம் இல்லாம ஓடுற கருவி ஒண்ணு வாங்கிக் குடுக்கலாம்னு நெனச்சேன். கம்பெனி கருவி விலை கைக்கு எட்டல.

மதுரையில சீட் கவர், மியூசிக் சிஸ்டம் எல்லாம் மாட்டிக் குடுக்கிற கார் அக்சசரீஸ் கடை. பேர் போடல. 5 இன்ச் திரை, 8 ஜிபி மெமரி. டப்பா மேல "இந்தியா முழுவதும் 2025 மேப், லைஃப்டைம் அப்டேட் ஃப்ரீ"ன்னு ஸ்டிக்கர். கடைக்காரர் விலை 7,500 சொன்னார், பேசி 6,800 ரூபாய்க்கு முடிஞ்சுது.

எங்களை எப்படி நம்ப வச்சார்னு கேளுங்க. "எங்க போகணும், சொல்லுங்கண்ணே"ன்னார். அப்பா கொடைக்கானல்னு சொன்னார். அந்த ஆளு நாலு தட்டு தட்டினார். வாடிப்பட்டி, நிலக்கோட்டை, வத்தலக்குண்டுன்னு ரோடு வந்துச்சு. திரையில குட்டிக் கார் நகர ஆரம்பிச்சுது, பொம்பளைக் குரல் ஒண்ணு திருப்பமெல்லாம் சொல்லுது. "பாத்தீங்களா, லைவ்! சேட்டிலைட்ல இருந்து நேரா வருது"ன்னார். அப்பா முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். "அப்பாவுக்கு வாங்குறீங்க, எங்க அப்பாவுக்கு வாங்குற மாதிரிப் பாத்துத்தான் குடுக்கிறேன். கண்ண மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போங்க"ன்னு அப்பா கையைப் பிடிச்சுச் சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்குத்தான் பணத்தை எடுத்தோம்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. கருவி கடை மேசை மேல இருக்கு. எங்க கார் தெருவுல நிக்குது. தலைக்கு மேல கான்கிரீட் தளம், அதுக்கு மேல இன்னொரு மாடி. ஜிபிஎஸ் செயற்கைக்கோள் சுத்துறது சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்துல. அங்கிருந்து வர்ற சிக்னல் ரொம்ப மெலிசு, அப்படி ஒரு கட்டடத்தைத் தாண்டி ஒழுங்கா வராது. இடத்தைச் சரியாச் சொல்லக் குறைஞ்சது நாலு செயற்கைக்கோளாவது கிடைக்கணும். சரி, எல்லாமே கிடைச்சாலும் மேசை மேல அசையாம இருக்கிற கருவியில கார் எப்படி வத்தலக்குண்டுக்குப் போகும்? அது சிமுலேஷன். ரோடு எப்படிப் போகும்னு ஓட்டிக் காட்டுற படம், அவ்வளவுதான். மெனுவுலயே தனியா இருக்கு. அது எங்களுக்குத் தெரியாதுன்னு அவருக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் "லைவ்"னு சொன்னார். 6,800 ரூபாய் போனது அந்தப் பொய்யிலதான்.

முதல் பயணமே நத்தம் பக்கம் கோயிலுக்கு. வீட்டை விட்டுக் கிளம்பி ரொம்ப நேரம் "சிக்னல் தேடுகிறது"ன்னே நின்னுச்சு. ஒரு வழியாக் கிடைச்சப்ப நாங்க நத்தம் ரோட்டுப் பறக்கும் பாலத்து மேல இருந்தோம். 2023 ஏப்ரல்ல திறந்த பாலம், 7.3 கிலோமீட்டர் நீளம், மதுரையில தெரியாத ஆளே கிடையாது. "2025 மேப்"புக்கு மட்டும் தெரியல! கீழ இருக்கிற பழைய ரோட்டுல போறதா நெனச்சுக்கிட்டு, பாலத்து நடுவுல "இடது பக்கம் திரும்பு"ன்னு சொல்லுது. அப்பா ஒரு நொடி தடுமாறி பிரேக்கை மிதிச்சுட்டார். பின்னாடி வந்த லாரி ஹாரன் அடிச்சுக்கிட்டே ஒடிச்சுத் திருப்பிப் போச்சு. அம்மா போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு. பணம் போனா சம்பாதிச்சுக்கலாம், அன்னைக்கு ஏதாவது ஆகியிருந்தா?

வீட்டுக்கு வந்து நோண்டிப் பாத்தா ஒவ்வொண்ணா வெளிய வருது. திண்டுக்கல் ரோட்டுக்கு என்.எச். 7னு போட்டிருக்கு. அந்த ரோடு என்.எச். 44 ஆகி எத்தனை வருஷம் ஆச்சு, நம்பர் மாத்தினது 2010ல. தேதி கிட்டத்தட்ட 20 வருஷம் பின்னாடி காட்டுது. அதுக்கும் காரணம் இருக்கு. ஜிபிஎஸ் தேதியை வார எண்ணாத்தான் அனுப்பும், அந்த எண் 1,024 வாரத்துக்கு, அதாவது கிட்டத்தட்ட 20 வருஷத்துக்கு, ஒரு தடவை பூஜ்யத்துக்குத் திரும்பும். கடைசியாத் திரும்பினது 2019 ஏப்ரல்ல. அதுக்கு முந்தின பழைய மென்பொருள்தான் இப்படித் தேதியில குழம்பும். மேப்பை மூடினா உள்ள விண்டோஸ் சிஇ வருது. சின்னக் கருவிகளுக்குன்னு மைக்ரோசாஃப்ட் குடுத்து, என்னைக்கோ கைவிட்ட இயங்குதளம். ஆக, பழைய சரக்கு மேல புது ஸ்டிக்கர்.

போன் பண்ணினேன். "மேகமா இருந்திருக்கும்ணே, அதான் சிக்னல் எடுக்கல"ன்னார். மேகம் ஜிபிஎஸ் சிக்னலை மறைக்காது. மழைக்காலத்துல ஊர்ல ஒரு போன்லயும் மேப் ஓடாதா? மறுபடி கூப்பிட்டா "மொட்டை மாடியில ஒரு மணி நேரம் வெயில்ல வைங்க, செட் ஆயிரும்." வச்சேன். அப்ப மேப் அப்டேட்டாவது போட்டுக் குடுங்கன்னு கேட்டேன். "அப்டேட் ஃப்ரீதான்ணே, மெமரி கார்டுக்கு மட்டும் 1,500." 6,800 ரூபாய் வாங்கினது பத்தாதுன்னு இன்னும் 1,500! அந்தக் கார்டுலயும் எங்கிருந்தோ காப்பி அடிச்ச மேப்தான் இருக்கும்.  வாட்ஸ்அப்ல போட்டோ அனுப்பினா நீல டிக் விழுது, பதில் மட்டும் வராது.

இன்னைக்கு நேர்ல போனா "மெஷினுக்குத்தான் வாரண்டி, சாஃப்ட்வேருக்குக் கிடையாது"ன்னார். நீங்கதானே லைவ்னு காட்டினீங்கன்னு கேட்டதும் "நாங்க அப்படிச் சொல்லவே இல்லையே"ன்னு கூசாமச் சொல்றார். கடைசியா, பக்கத்துல நாலு கஸ்டமர் நிக்கும்போதே, "ஒரு 6,800 ரூபாய்க்கு ஏன் சார் இவ்வளவு சத்தம்?" வாங்கும்போது "அண்ணே", கேள்வி கேட்டா "சார்". அப்பா என் கையைப் பிடிச்சு "விடுப்பா, போகலாம்"னு இழுத்துட்டு வந்துட்டார். நான் விடுறதா இல்ல.

குடுத்தது பில் இல்ல, "எஸ்டிமேட்"னு ஒரு துண்டுச் சீட்டு. "ஜிஎஸ்டி பில்லுன்னா விலை ஏறும்ணே"ன்னு சொல்லித்தான் அதைக் குடுத்தார். கீழ "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது"ன்னு அச்சடிச்சிருக்கு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராததும், குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுக்கிறதும் முறையற்ற வணிகம். பில்லுல கெடு எதுவும் போடலைன்னா 30 நாளுக்குள்ள திரும்ப எடுத்துக்கிட்டுப் பணம் தரணும். ஜிபே பண்ணின ஆதாரமும் வாட்ஸ்அப் பேச்சும் எங்கிட்ட இருக்கு. 1915ங்கிற தேசிய நுகர்வோர் உதவி எண்ல புகார் குடுக்கப் போறேன். அதுலயும் சரியா வரலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம். பொருளுக்குக் குடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரைக்கும்னா அங்க புகார் கட்டணம் கிடையாது.

எப்படி வாங்கணும்னு விவரமா எழுதுறேன்னு சொன்னேன், இப்ப அதுக்குப் பொறுமை இல்ல. அவசரத்துக்கு இது போதும். கடைக்குள்ள ஓட்டிக் காட்டுறதை நம்பாதீங்க. காருல வச்சு திறந்த வெளியில ஆன் பண்ணச் சொல்லுங்க, சில நிமிஷத்துல சிக்னல் எடுக்கணும், கார் நகர்ந்தாத்தான் படமும் நகரணும். உங்க ஊர்ல சமீபத்துல திறந்த பாலத்தையோ பைபாஸையோ தேடிப் பாருங்க, இல்லைன்னா மேப் பழசு. தேதியைப் பாருங்க. ஜிபிஎஸ் பில் இல்லாம, சாரி, ஜிஎஸ்டி பில் இல்லாம ஒத்தை ரூபா குடுக்காதீங்க. டச் போன் ஓட்டத் தெரிஞ்சவங்க இதை வாங்கவே வேணாம், கிளம்புறதுக்கு முன்னாடி ஆஃப்லைன் மேப்பை இறக்கி வச்சுக்கோங்க, டவர் இல்லாத இடத்துலயும் போன் ஜிபிஎஸ் வேலை செய்யும்.