மஞ்சக்குப்பம் மைதானத்தில் 80 ரூபாய்க்கு ஒரு நீலக் கிரகம்

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்துப் பொருட்காட்சியில், ராட்டினத்துக்குப் பின்னால் காற்றடைத்த கறுப்புக் கூடாரம் ஒன்று போட்டிருக்கிறார்கள். உள்ளே விண்வெளிப் படம். ஆளுக்கு 80 ரூபாய், 25 நிமிடம். பேத்தி அடம்பிடித்ததால் போனேன்.

செருப்பைக் கழற்றிவிட்டு, கிட்டத்தட்ட தவழ்ந்துதான் நுழைய வேண்டும். முட்டிவலிக்காரர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். நாற்காலி கிடையாது, பாயில் மல்லாந்து படுத்துப் பார்க்க வேண்டும். புழுக்கம் தாங்கவில்லை.

சூரியன், நிலா எல்லாம் வழக்கமான சங்கதி. அப்புறம்தான் விஷயம். எச்.டி. 189733 பி என்று ஒரு வாயுக் கிரகம், சுமார் 65 ஒளியாண்டு தூரம். 2005-ல் கண்டுபிடித்தது. உருண்டையாக, கருநீலமாகக் கூரை முழுக்க வந்து நின்றது. "கடலா தாத்தா?" என்றாள் பேத்தி. கடல் இல்லையாம். மணல், கண்ணாடி வகையறாவான சிலிக்கேட் துகள்கள் அந்த வானத்தில் மிதந்து நீல ஒளியைச் சிதறடிக்கின்றன. அங்கே கண்ணாடி மழை பெய்யலாம் என்கிறார்கள். அதுவும் மேலிருந்து கீழே இல்லை, பக்கவாட்டில். காற்று மணிக்கு 8,700 கிலோமீட்டர்.

இந்த இடத்தில் எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. 2011 டிசம்பர் 30, தானே புயல் வந்தபோது நான் மின்வாரியத்தில் லைன்மேன். அன்றைக்குக் காற்று மணிக்கு 140 சொச்சம்தான். அதற்கே கான்கிரீட் கம்பம் இடுப்பொடிந்து, உள்கம்பியில் தொங்கியதைப் பார்த்தவன் நான். இது அதைப்போல 60 மடங்கு! கூடாரத்துக்குக் காற்றடிக்கும் மோட்டார் வேறு காதருகே இரைந்ததால், சத்தத்துக்கும் குறைவில்லை.

அங்கே ஒரு வருஷம் என்பது நம் கணக்கில் 2.2 நாள். ஒன்பது வயதுப் பேத்திக்கு அங்கே ஏறக்குறைய 1,500 வயது. அழுகின முட்டை நாற்றமடிக்கும் ஹைட்ரஜன் சல்பைடு அங்கே இருப்பதை 2024-ல் ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி மூலம் கண்டார்கள். நல்லவேளை, வாசனை எஃபெக்ட் எதுவும் வைக்கவில்லை.

ஒரே குறை, கடைசிக் காட்சி. விண்வெளி வீரர் ஒருவர் பாறைமேல் கொடி நடுகிறார். வாயுக் கிரகத்தில் ஏதப்பா பாறை? கால் வைக்கத் தரையே கிடையாது; போகப் போக அழுத்தமும் சூடும் ஏறி நசுங்க வேண்டியதுதான். படம் ஓட்டுகிற பையனிடம் கேட்டேன். "அது வேற படத்துத் துண்டு சார், முடிவு நல்லாருக்கட்டுமேன்னு சேத்தோம்" என்று தலையைச் சொறிந்தான்.

நடுவில் கரண்ட் போய் மோட்டார் நின்றதில் கூரை மெல்ல முகத்துக்கு இறங்கியது. பிள்ளைகளுக்கு அதுதான் அன்றைய பெரிய ஆட்டம். ஜெனரேட்டர் போட இரண்டு நிமிடம் பிடித்தது. அதை வாசலிலேயே தயாராக வைக்கலாம்.

ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். மதியக் காட்சி வேண்டாம், ஆறு மணிக்கு மேல் போங்கள்.