பிள்ளைகளுக்கான வெளிப்புறக் கல்வியில் முதல் வேலை: முகாம் வளாகமா, இமயமலை ட்ரெக்கா, இயற்கைக் கல்வியா?

பிள்ளைகளை வகுப்பறைக்கு வெளியே அழைத்துப்போய்க் கற்பிக்கும் வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு இந்தியாவில் பெரும்பாலும் மூன்று வழிகள் உண்டு. ஒன்று, உயரத்தில் கயிறுகளைப் பிடித்து நடக்கும் கயிற்றுப் பாதை, ஜிப்லைன், பாறையேற்றச் சுவர் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் முகாம் வளாகம். இரண்டு, பள்ளிக் குழுக்களை உத்தராகண்டுக்கும் இமாச்சலுக்கும் கூட்டிப்போகும் ட்ரெக் நிறுவனம். மூன்று, குளக்கரை, காடு, கடற்கரை என்று பிள்ளைகளோடு நடந்து பறவையையும் பூச்சியையும் அறிமுகப்படுத்தும் இயற்கைக் கல்வி அமைப்பு. விளம்பரத்தில் மூன்றுமே ‘இன்ஸ்ட்ரக்டர் தேவை’, ‘இண்டர்ன் தேவை’ என்றுதான் வரும். உள்ளே போனால் வேலை முற்றிலும் வேறு வேறு.

எதை எடுத்தாலும் முதல் வருடத்தில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: நாம் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்து, அங்கேயே திருத்த ஒரு மூத்த இன்ஸ்ட்ரக்டர் தினமும் இருப்பாரா? இந்தக் கேள்வியை வைத்துத்தான் மூன்றையும் எடைபோட வேண்டும்.

முகாம் வளாகம்

வருகிற பள்ளி மாறும், வேலை மாறாது. காலையில் பிள்ளைகள் எழுவதற்கு முன் கயிறு, உடலில் மாட்டும் பாதுகாப்புப் பட்டையான ஹார்னஸ், ஹெல்மெட், கயிற்றை இணைக்கும் உலோகக் கொக்கியான காரபினர் எல்லாவற்றையும் சோதித்துப் பதிவேட்டில் எழுதுவது, பிறகு பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட அணிகளாக ஒவ்வொரு நிலையத்திலும் ஏற்றி இறக்குவது, மாலையில் விளையாட்டு, இரவில் தீமூட்டம். சலிப்பூட்டும் வேலை என்று பலர் இரண்டு மாதத்தில் விலகிவிடுகிறார்கள். ஆனால் அந்தத் திரும்பச் செய்தலில்தான் கை பழகுகிறது.

ஹார்னஸ் மாட்டுவதையே எடுத்துக்கொள்வோம். இடுப்புப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே உட்கார வேண்டும். சிறு பிள்ளைகளுக்கு இடுப்பு இன்னும் வடிவம் கொண்டிருக்காது. பட்டை கீழே இறங்கிவிடும், தலைகீழாகக் கவிழ்ந்தால் உடலே நழுவி வெளியே வரலாம். அதனால் அவர்களுக்கு முழுவுடல் ஹார்னஸ்தான் சரி. பட்டைக்கும் வயிற்றுக்கும் நடுவே விரித்த உள்ளங்கை நுழையலாம். மூடிய முஷ்டி நுழையக் கூடாது. பக்கிளுக்கு வெளியே பட்டையின் வால் குறைந்தது நான்கு விரல் அகலம் நீண்டிருக்க வேண்டும். காரபினரை, முன்னால் பாதுகாப்புக் கயிறு இணையும் பிலே வளையத்தில் மாட்டி, திருகிப் பூட்டி, கையால் அமுக்கித் திறக்கிறதா என்று பார்க்க வேண்டும். பக்கவாட்டில் இருப்பவை கருவி தொங்கவிடும் வளையங்கள். ஆள் எடையைத் தாங்குவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. புதியவர்கள் அவசரத்தில் செய்யும் மிக ஆபத்தான பிழை அதில் மாட்டுவதுதான்.

நம் ஊர்ப் பிள்ளைகளிடம் இன்னும் சில இருக்கின்றன. துப்பட்டா, நீண்ட பின்னல், கழுத்துக் கயிறு, தொங்கட்டான். கயிற்றில் இறங்கும்போது துப்பட்டா நுனியோ பின்னலோ இறங்கு கருவிக்குள் போனால் பிள்ளை பாதியில் சிக்கி நிற்கும். உடல் எடை முழுதும் அந்த முடியை இழுக்கும். பின்னலைச் சுருட்டிச் சட்டைக்குள் விட்டு, துப்பட்டாவைக் கழற்றி வைத்த பிறகே விளிம்புக்கு அனுப்ப வேண்டும்.

பிழை எப்போது நடக்கிறது? முதல் பிள்ளைக்கு அல்ல, நாற்பதாவது பிள்ளைக்கு. அசதி, பக்கத்தில் பேச்சு, சாப்பாட்டு மணி. இதற்கு மூன்று விதிகள் போதும். மாட்டுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் இன்னொருவர். சரிபார்ப்பது எப்போதும் ஒரே வரிசையில், கண்ணால் மட்டுமன்றிக் கையால் தொட்டு. நடுவில் யாராவது கூப்பிட்டால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் மறுபடி முதலிலிருந்து. இந்த மூன்றையும் கடைப்பிடிக்காத வளாகத்தில் எவ்வளவு பெரிய ஜிப்லைன் இருந்தாலும் வேலைக்குச் சேர வேண்டாம்.

இன்னொன்றையும் நேரில் கேட்க வேண்டும்: நடுவானில் தொங்கும் பிள்ளையை எத்தனை நிமிடத்தில் கீழே இறக்குவீர்கள்? 2021 பிப்ரவரியில் சிங்கப்பூரில், பள்ளியின் வெளிப்புறச் செயல்பாடு ஒன்றில், உயரக் கயிற்றுப் பாதையில் கால் வழுக்கி ஹார்னஸில் தொங்கிய 15 வயது மாணவர் உயிரிழந்தார். அந்நாட்டுக் கல்வி அமைச்சு பள்ளிகளின் உயரச் செயல்பாடுகளை நிறுத்திவைத்தது. ஹார்னஸ் விழாமல் பிடித்துக்கொள்ளும், உண்மைதான். ஆனால் அசைவின்றித் தொங்கும் உடலுக்கு நேரம் மிகக் குறைவு. மீட்புக் கயிறும் கருவியும் தனிப் பையில் தயாராகக் கட்டப்பட்டு, மேலே ஏறி இறக்கத் தெரிந்த ஒருவர் ஒவ்வொரு நிலையத்துக்கும் அருகில் இருக்க வேண்டும். மாதம் ஒருமுறையாவது அதை ஒத்திகை பார்க்கும் இடம்தான் நல்ல இடம்.

இமயமலை ட்ரெக்

இங்கேதான் எல்லோருக்கும் கண். உத்தராகண்டின் சாங்க்ரியிலிருந்து கேதார்காந்தா, ஹர் கி தூன் என்று கோடை விடுமுறையிலும் தசரா விடுமுறையிலும் பள்ளிக் குழுக்கள் போகின்றன. வளாகத்தில் ஒரு பிள்ளையோடு நமக்குப் பத்து நிமிடம். ட்ரெக்கில் ஐந்தாறு நாள், இரவு பகலாக. ஒரு பிள்ளை மாறுவதைக் கண்ணால் பார்க்கலாம். இந்த வேலையின் நிறைவு வேறு எதிலும் கிடைக்காது, அதை மறுக்க முடியாது.

அதற்கேற்ற பொறுப்பும் உண்டு. 3,000 மீட்டருக்கு மேலே போனால், படுக்கும் உயரத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டக் கூடாது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஓய்வு நாள் வேண்டும். தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரங்களில் ஒன்றான தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். ஆகவே உயர நோயைக் கண்டறிவதை இங்கே இருந்துகொண்டு பழக வழியில்லை. தலைவலியோடு குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை, சோர்வு சேர்ந்தால் உயர நோய் என்றே கொள்ள வேண்டும். மேலே ஏறக் கூடாது. நடை தள்ளாடினாலோ, பேச்சு குழறினாலோ, உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ விடியும்வரை காத்திருக்காமல் உடனே கீழே இறக்க வேண்டும்.

சிக்கல் என்னவென்றால் பிள்ளைகள் மறைப்பார்கள். “தலை வலிக்குதா?” என்று கேட்டால் “இல்லைண்ணா” என்றுதான் பதில் வரும், சொன்னால் தன்னை மட்டும் கீழே அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். அதனால் சுற்றிக் கேட்க வேண்டும். “ராத்திரி எத்தனை சப்பாத்தி சாப்பிட்டே? காலையில ஒண்ணுக்குப் போனியா, என்ன நிறம்? உன் கூடாரத்துல யாருக்குத் தூக்கம் வரலை?” சாப்பாட்டுத் தட்டைக் கழுவும் இடத்தில் நின்று யார் தட்டில் எவ்வளவு மிச்சம் என்று பார்ப்பது, நாடித் துடிப்பைப் பார்ப்பதற்கு இணையான சோதனை.

மற்றதெல்லாம் சின்ன வேலைகள். ஆனால் அவைதான் பயணத்தைக் காப்பாற்றும் அல்லது கெடுக்கும். நடையில் முன்னே ஒருவர், நடுவே ஒருவர், கடைசியில் ஒருவர்; கடைசியில் வருபவருக்குப் பின்னே எந்தப் பிள்ளையும் இருக்கக் கூடாது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் தலை எண்ணிக்கை. காலில் எரிச்சல் என்று சொன்ன அந்த நிமிடமே ஷூவைக் கழற்றி டேப் ஒட்டினால் கொப்புளம் வராது. “அடுத்த நிறுத்தத்துல பார்க்கலாம்” என்றால் மறுநாள் அந்தப் பிள்ளையை ஒருவர் தாங்கிக்கொண்டுதான் நடக்க வேண்டும். ஓஆர்எஸ் பாக்கெட் முழுதும், அதில் எழுதியுள்ள அளவுத் தண்ணீரில். பாதி பாக்கெட்டைக் குத்துமதிப்பாக ஒரு டம்ளரில் கலக்கக் கூடாது. குளோரின் மாத்திரை போட்டால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். கழிப்புக் குழி 15 முதல் 20 செ.மீ. ஆழம், நீர்நிலையிலிருந்து 60 மீட்டர் தள்ளி.

புதியவருக்கு இந்த வழியில் இருக்கும் குறை, பார்த்துத் திருத்த ஆள் கிடைப்பது அரிது என்பதுதான். சீசன் உச்சத்தில் ஆள் பற்றாக்குறை வரும். முதல் பயணத்தில் உதவியாளராகப் போனவரை இரண்டாம் பயணத்திலேயே லீடராக்கிவிடும் நிறுவனங்கள் உண்டு. பதவி உயர்வாகத் தோன்றும். அதை ஏற்கக் கூடாது. ஒரே பாதையில் குறைந்தது மூன்று நான்கு முறை உதவியாளராக, அதிலும் ஒருமுறையாவது மோசமான வானிலையில் போன பிறகே குழுவைத் தனியாக ஏற்க வேண்டும். இன்னொன்று: 2018 ஆகஸ்டில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் புக்யால் எனப்படும் மலைப்புல்வெளிகளில் இரவு தங்கத் தடை விதித்தது. நிறுவனத்தின் பயணத் திட்டத்தில் புல்வெளிக் கூடாரப் படம் பளிச்சென்று இருந்தால், அனுமதி விஷயத்தில் அவர்கள் எப்படி என்று விசாரித்துக்கொள்வது நல்லது.

இயற்கைக் கல்வி

விளம்பரம் குறைவு, சாகசம் குறைவு. ஆனால் தமிழில் பேசத் தெரிந்தவர்களுக்கு மிகவும் பொருந்துவது இதுதான். அரசுப் பள்ளிப் பிள்ளைகளோடு வேலை செய்யும் வாய்ப்பும் இங்கேதான் அதிகம். பத்துப் பிள்ளைகள், ஒரு குளம், இரண்டு மணி நேரம். தட்டான் இணை சேர்வதையும், நீர்க்காகம் இறகை விரித்துக் காயவைப்பதையும் காட்டி, கேள்வியைப் பிள்ளையிடமிருந்தே வரவைக்க வேண்டும். பெயர்களை ஒப்பிப்பவர் இங்கே தோற்றுவிடுவார். கற்பிக்கும் திறமை கூர்மையாவது இந்த வேலையில்தான். மற்ற இரண்டிலும் பரபரப்பே பாதிப் பாடத்தை நடத்திவிடுகிறது, நாம் கற்பிக்கிறோமா என்றே தெரிவதில்லை.

ஆபத்து இல்லையென்று நினைக்க வேண்டாம். பாம்பு கடித்தால் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எதுவும் கூடாது; கடிபட்ட கை காலை அசையாமல் வைத்து, மோதிரம் கொலுசைக் கழற்றி, 108-ஐ அழைத்து, விஷமுறிவு மருந்து இருக்கும் மருத்துவமனைக்கு நேராகப் போக வேண்டும். எந்த மருத்துவமனையில் மருந்து இருக்கிறது என்பதை நடைக்கு முந்தின நாளே போனில் உறுதிசெய்ய வேண்டும். பாறையில் மலைத்தேனீக் கூடு இருந்தால் அந்தப் பக்கம் சத்தமும் வேண்டாம், சென்ட்டும் வேண்டாம்.

காட்டுக்குள் போவதென்றால் வனத்துறை அனுமதி கட்டாயம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காய்ந்த புல்வெளியில் பரவிய தீயில் சிக்கி 20-க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பிறகு, மாநில அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் 40 பாதைகளுடன் தொடங்கப்பட்ட ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் உள்ளூர்ப் பழங்குடி இளைஞர்களே வழிகாட்டிகள். அவர்களோடு ஒரு பாதையில் நடப்பது எந்தப் பயிற்சி வகுப்புக்கும் குறைந்ததல்ல. தீ அபாயக் கோடை மாதங்களில் காட்டுப் பாதைகள் மூடப்படும். அப்போது நிறுவனம் ஆட்களுக்கு என்ன வேலை தருகிறது, சம்பளம் ஓடுமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

சான்றிதழ் எவ்வளவு தூரம் உதவும்?

டார்ஜிலிங்கில் 1954-இலும் உத்தர்காசியில் 1965-இலும் தொடங்கிய அரசு மலையேற்ற நிறுவனங்கள், மணாலியில் இருப்பது, இவையெல்லாம் அடிப்படைப் பயிற்சியை ஏறக்குறைய நான்கு வாரம் நடத்துகின்றன. அதில் ‘ஏ’ கிரேடு வாங்கினால்தான் மேல்நிலைப் பயிற்சி. அதிலும் ‘ஏ’ வாங்கினால்தான் பயிற்றுநர் பயிற்சி. கட்டணம் தனியார் பயிற்சிகளோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு. இடம் சீக்கிரம் நிரம்பிவிடும், மாதக்கணக்கில் முன்பே விண்ணப்பிக்க வேண்டும்.

நல்ல பயிற்சிதான். ஆனால் அது நம்மை மலையேறுபவராக்கும். அழும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையை என்ன செய்வது என்று சொல்லித்தராது. வளாகத்தில் ஒரு சீசன் முடித்துவிட்டுப் போனால் அந்த நான்கு வாரத்தில் பெறுவது இரட்டிப்பாகும், கயிறும் முடிச்சும் ஏற்கெனவே கையில் இருப்பதால். அதற்கு முன்பே, மூன்று வழிக்கும் பொதுவாக, வனாந்தர முதலுதவிப் பயிற்சி வேண்டும்: 16 மணி நேர அடிப்படை வகுப்பு இண்டர்னுக்குப் போதும், ட்ரெக் லீடருக்கு 70 முதல் 80 மணி நேர வகுப்பு தேவை. கையெழுத்திடும் முன் நிறுவனம் அந்தக் கட்டணத்தில் பங்கு தருமா என்று கேட்கலாம். நல்ல நிறுவனங்கள் தருகின்றன.

ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டியவை

வளாகத்தில் பெரும்பாலும் மாதச் சம்பளமோ ஸ்டைபண்டோ, தங்குமிடமும் சாப்பாடும் சேர்த்து. ட்ரெக்கில் நாள் கணக்கு. அங்கே பயண நாளுக்கும், மழையால் ரத்தான நாளுக்கும், இரண்டு குழுக்களுக்கு இடையே சும்மா இருக்கும் நாளுக்கும் பணம் உண்டா என்பதை எழுத்தில் வாங்க வேண்டும். நாள் கூலி அதிகமாகத் தெரிந்தாலும் சீசன் முடிவில் கையில் நிற்பது வளாகச் சம்பளத்தைவிடக் குறைவாக இருப்பதுண்டு. பிள்ளைகளுக்குக் காப்பீடு எடுக்கும் நிறுவனம் இண்டர்னுக்கும் எடுத்திருக்கிறதா? அந்தக் காப்பீட்டில் மலையேற்றம் விலக்கு என்று எழுதியிருக்கிறதா? இரண்டாவது கேள்வியைப் பெரும்பாலோர் கேட்பதே இல்லை.

எல்லாவற்றுக்கும் மேல், பிள்ளைப் பாதுகாப்புக் கொள்கையை எழுத்தில் காட்டச் சொல்ல வேண்டும். பெரியவர் யாரும் ஒரு பிள்ளையோடு கூடாரத்திலோ அறையிலோ தனியே இருக்கக் கூடாது. இரவு நேரத்தில் பெண்பிள்ளைகளுக்குப் பெண் இன்ஸ்ட்ரக்டர். பிள்ளைகளின் படங்களைச் சொந்தப் பக்கத்தில் போடக் கூடாது. 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி, பாலியல் குற்றம் நடந்ததாகத் தெரிந்தால் போலீஸுக்குச் சொல்வது ஒவ்வொருவருக்கும் கடமை, இண்டர்னுக்கும்தான்; “மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன்” என்பது போதாது. 1098 என்ற குழந்தைகள் உதவி எண் வளாகச் சுவரில் பிள்ளைகள் கண்ணில் படும் இடத்தில் எழுதியிருக்கிறதா என்று நேர்காணலுக்குப் போகும்போதே பார்த்துவிடலாம்.